டெக்ஸாஸ் வெயிலில் ஒரு குளிர்நாட்டு மீன்

ஊட்டிப் பக்கம் போய்வந்தவர்கள் ட்ரவுட் மீனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரர்கள் தங்கள் தூண்டில் ஆசைக்காகக் கொண்டுவந்து விட்ட மீன். 1860களிலேயே பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் நீலகிரியில் அதை வளர்க்க முயன்று தோற்றுப்போனார். பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்ற அதிகாரி அவலாஞ்சியில் ஒரு குஞ்சு பொரிப்பகம் அமைத்து அதைச் சாதித்தார். கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டர் உயரம், சில்லென்ற ஓடைகள். மீனுக்கு ஊர் பிடித்துவிட்டது. அங்கே அது தானாகவே முட்டையிட்டுப் பெருகவும் செய்தது.

இந்த மீனுக்கு வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று குளிர்ந்த நீர், இன்னொன்று நிறையப் பிராணவாயு. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்த விஷயம். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரைதான். நம்ம கெண்டையும் விராலும் அதில் சமாளிக்கும். ட்ரவுட் சமாளிக்காது. 20 டிகிரியைத் தாண்டினால் அதற்குத் திணறல் ஆரம்பம். 25-ஐத் தொட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது.

அப்படிப்பட்ட மீன், ஆகஸ்டில் நம் வேலூரைப் போலக் காயும் டெக்ஸாஸில், ஓர் ஆற்றில் ஆண்டு முழுவதும் உயிரோடு இருக்கிறது என்று மகன் சொன்னபோது நான் நம்பவில்லை. அவன் சான் அன்டோனியோவில் வேலை பார்க்கிறான். நானும் மனைவியும் இரண்டு முறை போய்த் தங்கியிருக்கிறோம், ஒருமுறை குளிர்காலத்தில், ஒருமுறை கோடையில். அந்த இரண்டு பயணத்திலும் நான் ஆசையோடு பார்த்தது மால்களை அல்ல, இந்த ஆற்றைத்தான். பணிக்காலம் முழுவதும் மதகு, ஷட்டர், கேஜ் என்று அணைக்கட்டில் கழித்தவனுக்கு வேறு எதில் ஆசை வரும்?

ஆற்றின் பெயர் குவாடலூப். சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே ஓடி வருகிறது. கரையெங்கும் சைப்ரஸ் மரங்கள், வேர்களைத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சான் அன்டோனியோவிலிருந்து ஒரு மணி நேரக் கார் பயணத்தில் கேன்யன் அணை. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய மண் அணை. 1964-ல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். உயரம் 224 அடி, நம் மேட்டூரைவிடச் சற்றே அதிகம். கொள்ளளவை நம் கணக்கில் மாற்றிப் பார்த்தேன். சாதாரண மட்டத்தில் சுமார் 16 டி.எம்.சி. வருகிறது, அதாவது பவானிசாகரில் பாதி. வெள்ளத் தடுப்புக்கும் குடிநீருக்கும் கட்டியது. வெள்ளம் அங்கே விளையாட்டல்ல. 2002 ஜூலையில் முதன்முறையாக உபரிநீர்ப் போக்கியைத் தாண்டிய வெள்ளம், சில நாட்களில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து ஒரு பள்ளத்தாக்கையே உண்டாக்கிவிட்டது. இன்றும் அதை மக்கள் சுற்றுலா போய்ப் பார்க்கிறார்கள்.

அணை கட்டியவர்கள் ட்ரவுட்டை நினைத்துக் கட்டவில்லை. குளிர் அதுவாக வந்த விருந்தாளி. எப்படி என்று சொல்கிறேன்.

ஆழமான நீர்த்தேக்கத்தில் குளிர்காலத்தில் தண்ணீர் முழுவதும் குளிர்ந்துவிடும். வெயில்காலம் வந்ததும் மேல் தண்ணீர் சூடாகி லேசாகும். அடித் தண்ணீர் கனமாக, குளிர்ந்தபடியே கீழே கிடக்கும். எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டும் கலக்காது. கேன்யன் அணையில் நீர் வெளியேறுவது அடிமட்டத்திலிருந்து. ஆகவே வெளியே வெயில் 38 டிகிரி அடித்தாலும், மதகிலிருந்து வருவது போன குளிர்காலத்துத் தண்ணீர். அவலாஞ்சியில் உயரம் தரும் குளிரை இங்கே ஆழம் தருகிறது. ஆகஸ்ட் மாதத்தில் அணைக்குக் கீழே காலை நனைத்த என் மனைவி, "என்னங்க, ஐஸ் பெட்டியில கால வெச்ச மாதிரி இருக்கு" என்று எடுத்துக்கொண்டாள்.

இந்தக் குளிரைப் பார்த்துத்தான் 1960களின் நடுவில் யாருக்கோ யோசனை தோன்றியது, இங்கே ட்ரவுட் விட்டால் என்ன என்று. முதலில் செலவு செய்து விட்டது அரசாங்கம் அல்ல, லோன் ஸ்டார் என்ற உள்ளூர் பீர் நிறுவனம்! பிறகு மாநில வனவிலங்குத் துறை எடுத்துக்கொண்டது. தூண்டில்காரர்களின் சங்கம் ஒன்றும் சந்தா வசூலித்துத் தன் பங்குக்குப் பெரிய மீன்களாக வாங்கி விடுகிறது. மாநிலத் துறை குளிர்காலத்தில் டெக்ஸாஸ் முழுக்க ஊர்க்குட்டைகளில்கூட ட்ரவுட் விடும். அவையெல்லாம் வெயில் வந்ததும் செத்துப்போகும் என்று தெரிந்தே விடுவது. பிடித்துச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். குவாடலூப்பில்தான் அவற்றுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்கிறது.

மீன் விடும் நாளை ஒரு டிசம்பரில் நேரில் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிகள் பொருத்திய லாரி ஆற்றோரம் வந்து நிற்கிறது. தொட்டிக்குள் ஆக்சிஜன் குமிழிடுகிறது. ஒருவர் ஒரு பெரிய குழாயை ஆற்றுக்குள் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் கதவைத் திறக்கிறார். ஒரு அடிக்குச் சற்றுக் குறைவான மீன்கள் சரசரவென்று வழுக்கி விழுகின்றன. பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை, உடம்பெல்லாம் கரும்புள்ளி. கிட்டத்தில் பார்த்தால் பல மீன்களுக்குத் துடுப்பு ஓரம் தேய்ந்து மழுங்கியிருந்தது. சிமெண்ட் தொட்டியில் நெருக்கியடித்து வளர்ந்ததன் அடையாளம்.

விழுந்த மீன்கள் என்ன செய்தன தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. விழுந்த இடத்திலேயே கும்பலாக நின்றன. என் பேரன் கரையில் ஒரு கூழாங்கல்லைப் போட்டான். அத்தனையும் கல்லை நோக்கிப் பாய்ந்தன. "தாத்தா, they think it's food!" என்று குதித்தான். அவன் சொன்னது சரி. பிறந்ததிலிருந்து அவற்றுக்கு உணவு என்பது மேலேயிருந்து யாரோ தூவும் உருண்டைத் தீவனம். மேலே நிழல் தெரிந்தால் சாப்பாடு வருகிறது என்று நினைக்கும். காட்டில் பிறந்த மீனோ நிழல் தெரிந்தால் கல்லுக்கடியில் ஒளியும்.

முதல் சில வாரங்களில் இவற்றில் பெரும்பகுதி போய்விடுகிறது. பிடிப்பவர்கள் பாதி. டெக்ஸாஸில் 17 வயதுக்குக் கீழே தூண்டில் போட உரிமம் தேவையில்லை. என் பேரன் மக்காச்சோள மணியைக் கோத்து அரை மணியில் இரண்டு மீன் எடுத்துவிட்டான். மீதியை நாரையும் நீர்க்காகமும் பார்த்துக்கொள்கின்றன. நீருக்குள் வேறு ஒரு சத்துரு உண்டு. ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற பெரிய வேட்டை மீன், மேலே ஏரியில் விட்டது, அணையைக் கடந்து ஆற்றுக்கு வந்துவிட்டது. அதற்கு இந்த லாரி வருவது கல்யாணப் பந்தி மாதிரி.

இதையெல்லாம் தப்பினாலும் இன்னொரு கண்டம் இருக்கிறது. அதுதான் பட்டினி. தொட்டியில் வளர்ந்த மீனுக்கு ஓட்டத்தில் நிற்கத் தெரியாது. ஆற்று மீன் பாறைக்குப் பின்னால், நீரோட்டம் தணிந்த இடத்தில் சும்மா நின்றுகொண்டு, பக்கத்து ஓட்டத்தில் வரும் பூச்சியை மட்டும் எட்டிப் பிடிக்கும். வரவைவிடச் செலவு குறைவு. புது மீன் நடு ஓட்டத்தில் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டு, இலைத்துணுக்கையும் குச்சியையும் கவ்விக் கவ்வித் துப்பிக்கொண்டிருக்கும். பென்ஷன் வாங்குபவனுக்குப் புரியும் கணக்குதான் இது. வரவு குறைந்து செலவு அப்படியே இருந்தால் எத்தனை நாள் தாங்கும்?

பேரன் பிடித்த இரண்டையும் மனைவி குழம்பு வைத்தாள். புளியும் மிளகாயும் தாராளமாகப் போட்டும், "மீன்ல ருசியே இல்ல, சதை கொழகொழன்னு இருக்கு" என்று தீர்ப்பு வந்தது. தீவனத்தில் வளர்ந்த மீனுக்கு வேறு என்ன ருசி இருக்கும்?

இரண்டாவது பயணம் கோடையில். அந்த ஆகஸ்டில் ஆற்றுக்குப் போனால் ட்ரவுட் லாரியும் இல்லை, கூட்டமும் வேறு. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ரப்பர் ட்யூபில் உட்கார்ந்து பாட்டுப் போட்டபடி மிதந்து போகிறார்கள். அவர்களுக்கு நடுவே, அணைக்குப் பக்கத்தில், என் வயதுள்ள ஒரு வெள்ளைக்காரர் இடுப்பளவு நீரில் தூண்டிலோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முதலில் எடுத்தது தூண்டிலை அல்ல, ஒரு தெர்மாமீட்டரை. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தார். 58 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 14 செல்சியஸ். தலையாட்டிவிட்டுத் தூண்டிலை வீசினார்.

நான் பேச்சுக் கொடுத்தேன். தண்ணீர் 70 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், அதாவது 21 செல்சியஸ், தூண்டில் போட மாட்டாராம். அந்தச் சூட்டில் போராடிக் களைத்த ட்ரவுட்டைத் திரும்ப விட்டாலும் பிழைக்காது என்றார். அவர் மீனைத் தின்பதற்காகப் பிடிக்கவில்லை, பிடித்து விடுவதற்கு. அந்தப் பகுதியில் விதியும் கடுமை. செயற்கைத் தூண்டில்தான், பெரிய மீன் ஒன்றை மட்டுமே எடுத்துப்போகலாம். நான் அணையில் வேலை பார்த்தவன் என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மகன் காரில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஆற்றோரமாகவே கீழே போனான். நடுநடுவே இறங்கி அளந்தோம். சில மைல்களுக்கு ஒருமுறை இரண்டு மூன்று டிகிரி ஏறிக்கொண்டே போனது. பன்னிரண்டாவது மைலில் 75, அதாவது 24 செல்சியஸ். "இங்கே முடிந்தது" என்றார். ஆறு அதன் பிறகும் கடல்வரை போகிறது. ட்ரவுட்டின் ஆறு அங்கேயே முடிந்துவிட்டது.

அன்று அவர் ஒரே ஒரு மீன் பிடித்தார். டிசம்பரில் நான் பார்த்த மீனின் சாதிதான், ஆனால் வேறு பிறவி. பதினாறு அங்குலம் இருக்கும். துடுப்புகள் முழுசாக வளர்ந்து, பட்டை நல்ல சிவப்பாக, உடம்பு இறுகிப்போய் இருந்தது. குறைந்தது ஒரு கோடையைக் கடந்த மீன் என்றார். தீவனத்தை மறந்து, பூச்சிப் புழுக்களையும் கல்லடியில் இருக்கும் சின்ன இறால் போன்ற உயிர்களையும் தின்னக் கற்றுக்கொண்டது. அவர் கையை முதலில் நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விட்டார். அது ஒரு நொடி நின்றுவிட்டு நேராக ஒரு பாறைக்குப் பின்னால் போனது. லாரியிலிருந்து விழுந்த நூற்றுக்கணக்கான மீன்களில் இப்படி ஆவது மிகச் சில.

ஆனால் அது எவ்வளவு புத்திசாலியானாலும் ஒன்று மட்டும் அதன் கையில் இல்லை. மதகை யார், எவ்வளவு திறக்கிறார்கள் என்பது. இதை ஒரு பொறியாளனாக யோசித்துப் பார்த்தேன். ஏரியின் அடியில் இருக்கும் குளிர்நீர் ஒரு கையிருப்பு. மழைக்காலத்துக்கு முன் கோட்டையில் சேர்த்த நெல் மாதிரி, அடுத்த குளிர்காலம் வரை அதுதான். கொஞ்சமாகத் திறந்தால், மெல்ல ஓடும் நீர் வெயிலில் சீக்கிரம் சூடேறிவிடும். பன்னிரண்டு மைல் ஆறு மைலாகச் சுருங்கும். வெள்ள ஆண்டில் கோடையில் நிறையத் திறக்க வேண்டிவந்தால், குளிர்நீர் முழுவதும் சீக்கிரம் தீர்ந்து, பின்னால் வெந்நீர்தான் வரும். கோடையின் கடைசியில் இன்னொரு சங்கடம். மாதக்கணக்கில் காற்றுப் படாமல் அடியில் கிடந்த நீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அழுகின முட்டை வாடைகூட வரும். குளிர் இருக்கிறது, மூச்சு இல்லை. மதகிலிருந்து சீறி வெளியே வந்து பாறைகளில் மோதி நுரைத்தால்தான் அதற்கு மறுபடி உயிர் வரும். நம் அணைகளில் இந்த வாடையை முகர்ந்தவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள்.

பிள்ளைகுட்டி விஷயத்திலும் அதற்கு அங்கே அதிர்ஷ்டம் இல்லை. ட்ரவுட் முட்டையிடுவது சரளைக்கல் படுகையைக் குடைந்து. அந்தக் கற்களின் இடுக்கில் குளிர்ந்த நல்ல நீர் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குவாடலூப்பில் அது சொல்லும்படியாக நடப்பதில்லை. எவ்வளவு பெரிய மீனானாலும் அதோடு அதன் வம்சம் முடிகிறது. ஒவ்வொரு குளிர்காலமும் லாரி வந்தாக வேண்டும்.

இவ்வளவு அந்நியமான ஒரு மீன். ஆனால் அதற்காகத் தண்ணீர் கேட்க ஆள் இருந்தது! ஏரியிலிருந்து இன்னும் அதிக நீரை எடுத்து ஊர்களுக்கு விற்க ஆற்று ஆணையம் அனுமதி கேட்டபோது, தூண்டில்காரர் சங்கம் எதிர்த்து நின்றது. 2000களின் தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டது. கோடை மாதங்களில் ஆற்றுக்கு இவ்வளவு குறைந்தபட்ச நீர் விட வேண்டும் என்று எழுத்தில் ஒத்துக்கொண்டார்கள். ஏரியின் மட்டம் ரொம்பவும் இறங்கிவிட்டால் அது செல்லாது என்பதையும் சேர்த்துத்தான். அந்த வெள்ளைக்காரர் இதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமை இருந்தது. அந்தச் சங்கத்துக்கு ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள். அவரும் வருஷா வருஷம் சந்தா கட்டுபவர்.

எனக்கு மகிழ்ச்சியும் இருந்தது, ஒரு நெருடலும் இருந்தது. அணையின் குளிர்நீர் ட்ரவுட்டுக்கு வரமென்றால், வெதுவெதுப்பான நீரில் பழகிய சொந்த ஊர் மீன்களுக்கு அது துரத்தல். அந்தக் குன்றுப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன் குவாடலூப் பாஸ். 1989 முதல் டெக்ஸாஸின் மாநில மீன் அதுதான். ஆற்றின் பெயரையே தாங்கிய மீன். அந்தப் பன்னிரண்டு மைலில் சொந்தக்காரன் ஒதுங்கி நிற்க, லாரியில் வந்தவனுக்கு நடு வீட்டில் இலை போட்டிருக்கிறது.

நம் காவிரியில் நடந்ததும் நினைவுக்கு வந்தது. கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறிவரும் ஹில்சா, வங்காளிகள் உயிரை விடும் அதே மீன், ஒரு காலத்தில் காவிரியிலும் ஏறியது. அணைக்கட்டுகள் வந்தன, 1934-ல் மேட்டூர் அணை வந்தது, ஏறிவரும் மீன் அருகிப்போனது. மேட்டூரில் கோதாவரிப் பக்கத்துக் கட்லாவை விட்டு வளர்த்தோம். அது நன்றாகவே வளர்ந்து பலருக்குப் பிழைப்பும் தந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஹில்சாவுக்காக மனுக் கொடுக்கச் சந்தா கட்டிய சங்கம் எதுவும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் வேலை பார்த்த அணையில் தினசரி அறிக்கை ஒன்று அனுப்புவோம். நீர்வரத்து, நீர்மட்டம், இருப்பு. பிறகு வெளியேற்றம்: பாசனத்துக்கு இவ்வளவு, குடிநீருக்கு இவ்வளவு. ஆற்றுக்கு என்று ஒரு கட்டம் அந்தத் தாளில் கிடையாது. பாசனம் நின்றால் மதகு மூடப்படும், அணைக்குக் கீழே குட்டை குட்டையாகத் தேங்கிய நீரில் மீன்கள் துள்ளும், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கூடையோடு வருவார்கள். அந்த நாட்கள் எல்லோருக்கும் திருவிழா. டெக்ஸாஸில் பார்த்த பிறகுதான், அந்தத் தாளில் இன்னொரு கட்டம் இருக்கலாம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். எத்தனை கன அடி என்று ஓர் எண்ணும், அதைக் கேட்க நாலு பேரும் போதும். உழவருக்குத் தண்ணீர் போதாத நாட்டில் மீனுக்குக் கேட்பதா என்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்த ஆணையத்திலும் குடிநீர் கேட்டு ஊர்கள் வரிசையில் நின்றன. ஆகவேதான் பஞ்ச காலத்தில் செல்லாது என்ற விலக்கையும் சேர்த்து எழுதினார்கள். கேட்டால் பேச்சாவது நடக்கும்.

அமெரிக்காவில் எல்லா அளவும் நமக்கு மாறாட்டம், ஆனால் ஆற்று நீரை மட்டும் நம்மைப் போலவே கன அடியில்தான் அளக்கிறார்கள். அணைக்குக் கீழே சாட்லர் என்ற இடத்தில் ஒரு அளவுமானி இருக்கிறது. அதன் எண் இணையத்தில் உடனுக்குடன் வருகிறது. ஈரோட்டில் காலை காபியோடு அதைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கடும் வறட்சியில் 2024-ல் ஏரி அதுவரை இல்லாத அளவுக்கு வற்றியபோது, நூறு கன அடிக்குக் கீழே நாட்கணக்கில் நின்ற அந்த எண்ணைப் பார்த்து, பாறைக்குப் பின்னால் போன அந்த மீனை நினைத்துக்கொள்வேன். "மகன் ஊரு மழையப் பாருங்கன்னா, மீனு ஊரு தண்ணியப் பாக்குறீங்க" என்கிறாள் மனைவி.

திரும்பி வரும்போது நானும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். வரும் மே மாதம் மேட்டூர் பக்கம் போகிற வேலை இருக்கிறது. அணைக்குக் கீழேயும், பிறகு பவானி வரை நாலைந்து இடங்களிலும் தண்ணீரின் சூட்டை அளந்து பார்க்கப் போகிறேன். கிடைக்கும் எண்களை இங்கேயே எழுதுகிறேன்.